115 மைல் பயணம்: மணிக்கணக்கு என்ன?

திருச்சி விமான நிலையத்தில் இருந்து மேற்கே கோவை விமான நிலையம், ஆகாய வழியில் சுமார் 185 கிலோமீட்டர் தூரம்.

அதே திருச்சியில் இருந்து தென்கிழக்கே யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் எவ்வளவு தூரம்? அதுவும் சுமார் 185 கிலோமீட்டர்தான்! பழைய கணக்கில் 115 மைல்.

ஆம். தராசின் இரண்டு தட்டுகளைப் போல, திருச்சிக்கு ஒரு பக்கம் கோவை. மறு பக்கம் யாழ்ப்பாணம். இரண்டும் சமம்.

கோவைக்குப் போக வேண்டியவர் என்ன செய்கிறார்? பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறார். பஸ்சிலோ ரயிலிலோ ஏறுகிறார். நாலைந்து மணி நேரத்தில் கோவையில் இறங்கி, அத்தை வீட்டில் காப்பி குடிக்கிறார்.

யாழ்ப்பாணத்தில் அத்தை இருந்தால்?

அங்கேதான் கணக்கு உதைக்கிறது. நீண்ட காலம் அந்தப் பயணத்துக்கு ஒரு பகலும் ஓர் இரவும் தேவைப்பட்டன. சில வருடங்களில் எவ்வளவு நாள் பிடிக்கும் என்று யாராலும் சொல்ல முடியவில்லை. தூரம் ஓர் அங்குலம்கூட மாறவில்லை. ஆனால் நேரம் மட்டும் நீண்டது, சுருங்கியது, மறுபடியும் நீண்டது.

இரண்டு ஊருக்கு நடுவே உள்ள தூரத்தை மைல் கல் சொல்லுகிறது. அந்த ஊர்களின் ஜனங்கள் ஒருவரை ஒருவர் பார்க்க எவ்வளவு நேரம் ஆகும் என்பதை மைல் கல் சொல்லாது. அதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்கள்.

பாதி நிலம், பாதி கடல்

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். தேசப்படத்தை விரித்து, திருச்சிக்கும் பலாலிக்கும் அடிக்கோலை வைத்து ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடு தஞ்சை ஜில்லாவின் தென்பகுதியில் பட்டுக்கோட்டைப் பக்கமாகப் போகும். அதிராம்பட்டினம், மல்லிப்பட்டினம் கரையோரமாகக் கடலில் இறங்கும். பிறகு பாக் ஜலசந்தி. அதைத் தாண்டினால் யாழ்ப்பாணக் குடாநாடு. வழியில் பாதி நிலம், பாதி கடல்.

இன்னொரு கோடும் இழுக்கலாம். சென்னை விமான நிலையத்தில் இருந்து நேர் தெற்கே கோடு இழுத்தால், அது ஏறக்குறைய பலாலியிலேயே போய் நிற்கும். அந்தத் தூரம் சுமார் 355 கிலோமீட்டர். அதாவது, திருச்சியில் இருந்து போவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு.

பலாலியில் இருந்து கொழும்புக்குப் பக்கத்தில் உள்ள கட்டுநாயக்கா விமான நிலையம் ஆகாய வழியில் சுமார் 290 கிலோமீட்டர். யாழ்ப்பாணத்துக்காரருக்குத் தன் நாட்டின் பெரிய விமான நிலையத்தைவிடத் திருச்சி விமான நிலையம்தான் பக்கம்!

இரண்டு கரையிலும் கடிகாரம் ஒரே நேரத்தைத்தான் காட்டுகிறது. விமானத்தில் இருந்து இறங்கியதும் கைக்கடிகாரத்தைத் திருப்ப வேண்டியது இல்லை. ஆனால் இதிலும் ஒரு வேடிக்கை நடந்தது. 1996-ம் ஆண்டு இலங்கை சர்க்கார் தன் கடிகாரத்தை முன்னே தள்ளி வைத்தது. 2006-ம் ஆண்டு ஏப்ரலில்தான் பழைய நேரத்துக்குத் திரும்பியது. அந்தப் பத்து ஆண்டுகளில் திருச்சிக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே கடிகாரத்திலும் ஒரு பள்ளம் விழுந்தது. முதலில் ஒரு மணி நேரம். அதே ஆண்டிலேயே அது அரை மணி நேரமாகக் குறைந்தது. போகப் பாதையும் இல்லை. பொழுதும் ஒன்றாக இல்லை.

தாத்தா காலத்துப் பயணம்

இந்த இரண்டு கரைகளுக்கும் நடுவே போக்குவரத்து புதிது அல்ல. பாய்மரத் தோணிகள் போய் வந்த கடல் இது. 1849-ம் ஆண்டில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் இருந்து சென்னைக்குப் போய் அச்சு இயந்திரம் வாங்கினார். 1864-ல் சிதம்பரத்தில் சைவப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அக்கரைக்காரர் இக்கரையில் பள்ளிக்கூடம் வைத்ததை அந்தக் காலத்தில் யாரும் அதிசயமாகப் பார்க்கவில்லை.

1914-ல் பாம்பன் பாலம் வந்தது. தனுஷ்கோடி வரை ரயில், அங்கிருந்து தலைமன்னாருக்குக் கப்பல், மறுபடியும் ரயில். "போட் மெயில்" என்றால் தென் ஜில்லாக்களில் தெரியாதவர்கள் இல்லை. சென்னை எழும்பூரில் ரயில் ஏறியவர் திருச்சி, ராமேசுவரம் பக்கமாகப் போய்க் கடல் தாண்டிக் கொழும்பில் இறங்கினார். 1964-ம் ஆண்டு டிசம்பரில் வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. அத்துடன் அந்தப் பாதை முறிந்தது.

ஆகாய வழியும் பழையதுதான். 1938-ல் டாட்டா விமானம் தபால் மூட்டைகளைச் சுமந்துகொண்டு சென்னை, திருச்சி வழியாகக் கொழும்புக்குப் பறந்தது. இரண்டாவது உலக யுத்தத்தின்போது பலாலியில் வெள்ளைக்காரர்களின் விமானப்படைத் தளம் அமைந்தது. யுத்தம் முடிந்ததும் அது பயணிகளுக்குப் பயன்பட்டது. 1947-ம் ஆண்டு டிசம்பர் 10-ந் தேதி "ஏர் சிலோன்" என்ற இலங்கை விமானக் கம்பெனி தன் முதல் விமானத்தைப் பறக்கவிட்டது. அது எங்கிருந்து எங்கே போனது தெரியுமா? கொழும்பை அடுத்த இரத்மலானையில் கிளம்பி, காங்கேசன்துறையில் இறங்கி, சென்னைக்கு! பலாலி விமானத் தளம் காங்கேசன்துறைக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

இலங்கை சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு மாதம் முன்பே இந்த விமானம் பறந்துவிட்டது என்பது கவனிக்கத்தக்கது. அது "டக்கோட்டா" விமானம். இரண்டு விசிறி வைத்த சிறிய விமானம். இன்றைய சௌகரியம் எதுவும் அதில் இல்லை. ஆனாலும் யாழ்ப்பாணத்தில் ஏறித் தமிழ்நாட்டில் இறங்க அதில் முடிந்தது. பேரனுக்கு முடியாமல் போனது, தாத்தாவுக்கு முடிந்தது.

115 மைலுக்கு 500 மைல்

1983-ம் ஆண்டு இலங்கையில் போர் மூண்டது. பலாலி மறுபடியும் ராணுவத்தின் தளம் ஆனது. தமிழ்நாட்டுக்கான பயணிகள் விமானம் நின்றுபோனது.

யாழ்ப்பாணத்துக்காரர் திருச்சிக்கு வர வேண்டும் என்றால் என்ன வழி? முதலில் எதிர்த் திசையில் தெற்கே போக வேண்டும். சாலை வழியாக ஏறக்குறைய 400 கிலோமீட்டர் போய்க் கொழும்புப் பக்கம் சேர வேண்டும். கட்டுநாயக்காவில் விமானம் ஏற வேண்டும். அங்கிருந்து திருச்சிக்கு ஆகாய வழியில் சுமார் 415 கிலோமீட்டர். ஆக மொத்தம் 800 கிலோமீட்டர். அதாவது 500 மைல். 115 மைல் தூரத்தில் இருக்கும் ஊருக்கு 500 மைல் பயணம்! மூக்கைச் சுற்றித் தொடுவது என்பார்களே, அது இதுதான்.

அந்தச் சுற்றுப் பாதையாவது ஒழுங்காகத் திறந்திருந்ததா? அதுவும் இல்லை. 1990-ல் யாழ்தேவி ரயில் வடக்கே வருவது நின்றது. கண்டி நெடுஞ்சாலையில் போக முடியவில்லை. இரவில், விளக்கு இல்லாமல், கிளாலிக் கடல் ஏரியைப் படகில் தாண்டினார்கள் ஜனங்கள். தாண்டும்போது சுடப்பட்டு இறந்தவர்களும் உண்டு. சாலை 2002-ல் திறந்தது. 2006 ஆகஸ்டில் மறுபடியும் மூடியது. அப்போது திருகோணமலை வரை கப்பலில் போய், அங்கிருந்து கொழும்புக்குப் போனார்கள். கப்பலில் இடம் கிடைக்கக் காத்திருந்தவர்களுக்கு வாரங்கள்கூட நிமிடங்களைப் போல ஓடிவிடவில்லை.

பலாலிக்கும் கொழும்புக்கும் நடுவே உள்நாட்டு விமானம் அவ்வப்போது பறந்தது. அதுவும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போகும் பயணம். 1998-ம் ஆண்டு செப்டம்பர் 29-ந் தேதி பலாலியில் இருந்து கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று மன்னார் கடலில் விழுந்தது. அதில் இருந்த 55 பேரும் மாண்டார்கள்.

விசாவுக்கும் தெற்கே போக வேண்டியிருந்தது. யாழ்ப்பாணத்தில் இந்தியத் துணைத் தூதரகம் திறந்தது 2010 நவம்பரில்தான். அதுவரை இந்தியாவுக்குப் போக அனுமதி முத்திரை வாங்கவே கொழும்புப் பயணம். போனதும் வந்ததுமாக இரண்டு மூன்று நாள்.

1,000 ரூபாய் கூலி சம்பாதிக்க 3,000 ரூபாய் செலவு செய்கிறவன் உண்டா? இந்தப் பயணம் அப்படித்தான் இருந்தது. அதனால் பல குடும்பங்கள் பயணத்தையே விட்டுவிட்டன. கல்யாணத்துக்குத் தந்தி வந்தது, ஆள் வரவில்லை. பிறகு சாவுச் சேதி வந்தது. அப்போதும் ஆள் போகவில்லை.

மறுபடியும் பறந்தது

2009-ல் போர் முடிந்தது. அந்த ஆண்டு இறுதியில் சாலையில் பயணம் தொடங்கியது. 2014 அக்டோபரில் யாழ்தேவி யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்தது. ஆனால் கடலுக்கு மேலே பறப்பதற்கு மட்டும் இன்னும் ஐந்து ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது.

2019 அக்டோபர் 17-ந் தேதி பலாலி தளம், யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் என்ற பெயருடன் திறந்துவைக்கப்பட்டது. அடுத்த மாதமே சென்னையில் இருந்து பயணிகள் விமானம் வந்தது. நாலு மாதம் ஓடியது. அதற்குள் கொரோனா தொற்று வந்தது. விமானம் நின்றது. 2022 டிசம்பரில்தான் மீண்டும் பறந்தது. 2024 செப்டம்பரில் சென்னைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் நடுவே இன்னொரு கம்பெனியின் விமானமும் சேர்ந்தது.

2025 மார்ச் 30-ந் தேதி திருச்சி - யாழ்ப்பாணம் விமானம் தொடங்கியது.

கால அட்டவணையில் பயண நேரம் என்ன? சுமார் ஒரு மணி நேரம்!

ஒரு பகலும் ஓர் இரவும் போன இடத்தில் ஒரு மணி நேரம். சந்தோஷப்பட வேண்டிய காரியம்தான். ஆனாலும் அந்த ஒரு மணி நேரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பார்ப்பது நல்லது.

இந்தப் பாதையில் பறப்பது "ஏ.டி.ஆர்." என்ற விசிறி விமானம். 70, 80 பேர் உட்காரலாம். அது ஆகாயத்தில் நேராகப் பறக்கும்போது மணிக்கு 500 கிலோமீட்டர் வேகம் போகும். அந்த வேகத்தில் 185 கிலோமீட்டரைத் தாண்ட 22 நிமிடம் போதும். மீதி நேரம் எங்கே போகிறது?

விமானக் கம்பெனியின் கணக்கு, விமானம் மேலே எழும்பும்போது தொடங்குவது அல்ல. நின்ற இடத்தில் இருந்து சக்கரம் நகரும்போதே தொடங்குகிறது. அது ஓடுபாதையின் முனைக்கு ஊர்ந்து போக வேண்டும். உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் இருந்து வீசுகிறதோ, அந்தப் பக்கம் பார்த்து ஓடித்தான் மேலே எழும்பும். போக வேண்டியது கிழக்கே; காற்று வீசுவதோ மேற்கில் இருந்து. அப்போது மேற்கே எழும்பி ஒரு வளைவு வளைந்து திரும்ப வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் வேகம் குறைவு. இறங்கும் இடத்திலும் அப்படியே. ஓடுபாதைக்கு நேராக வந்து சேரச் சுற்றி வர வேண்டும். தரையில் இறங்கிய பிறகும் ஊர்ந்து போய் நிற்க வேண்டும். நின்ற பிறகுதான் கணக்கு முடிகிறது.

நீண்ட பயணத்தில் இந்த நிமிடங்கள் கண்ணுக்குத் தெரியாது. குறுகிய பயணத்தில் இதுவே பாதிக்கு மேல் ஆகிவிடுகிறது. அதனால்தான் சென்னை - யாழ்ப்பாணம் தூரம் இரண்டு மடங்காக இருந்தும், அங்கே பயண நேரம் இரண்டு மடங்கு ஆவது இல்லை.

இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. விமானம் என்றால் அப்படித்தான். குறை இருப்பது தரையில்.

கோப்பாய் குடும்பம்

யாழ்ப்பாணத்தை அடுத்த கோப்பாயில் ஒரு குடும்பம். அவர்கள் தஞ்சாவூரில் நடக்கும் ஒரு கல்யாணத்துக்கு வருவதாக வைத்துக்கொள்ளலாம். பாட்டி, அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்.

வீட்டில் இருந்து வேன் பிடித்துப் பலாலிக்குப் போக, மூட்டை ஏற்றும் நேரத்தையும் சேர்த்து முக்கால் மணி. வெளிநாட்டுப் பயணம் என்பதால் மூன்று மணி நேரம் முன்பே வந்துவிடச் சொல்லுகிறார்கள். விமானத்தில் ஒரு மணி. திருச்சியில் பாஸ்போர்ட் சோதனை, பெட்டி வருவது, சுங்கச் சோதனை எல்லாம் முடிந்து வெளியே வர ஒரு மணி. பிறகு பஸ் பிடித்துத் தஞ்சாவூர் போய்ச் சேர இரண்டு மணி.

கூட்டிப் பார்த்தால் ஏழே முக்கால் மணி நேரம். அதில் பாட்டி பறந்த நேரம் ஒரு மணிக்கும் குறைவு. மீதி ஆறே முக்கால் மணி நேரம் வரிசையிலும் நாற்காலியிலும் பஸ்சிலும் கழிந்தது.

இதே குடும்பம் கொழும்பு வழியாக வந்தால்? இரவுப் பஸ்சில் ஏழு, எட்டு மணி நேரம். கட்டுநாயக்காவில் மூன்று மணி. விமானம் ஒரு மணி. பிறகு திருச்சிக் கணக்கு மூன்று மணி. பதினாலு, பதினைந்து மணி நேரம் ஆகிவிடும். பாட்டியின் முழங்கால் தாங்காது.

ஆகவே பலாலி - திருச்சி விமானம் பாதி நேரத்தை மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறது. அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் மீதி இருக்கும் ஏழே முக்கால் மணியில் இன்னும் இரண்டு மூன்று மணியை எடுத்துவிடலாம். அதற்கு வேகமான விமானம் தேவை இல்லை. புது விஞ்ஞானம் எதுவும் தேவை இல்லை.

எழுபது, எண்பது பேர் வரும் சின்ன விமானத்துக்கும், முந்நூறு பேர் ஏறும் பெரிய விமானத்துக்கும் ஒரே மூன்று மணி நேர விதி எதற்கு? எழுபது பேரைச் சோதிக்க இரண்டு உத்தியோகஸ்தருக்குப் பதில் நாலு பேரை உட்காரவைத்தால், ஒன்றரை மணி நேரம் முன்பு வந்தாலே போதும். திருச்சியில் 2024-ல் பெரிய புதுக் கட்டடம் திறந்திருக்கிறார்கள். இடத்துக்குப் பஞ்சம் இல்லை. சோதனை மேஜைகளில் ஆள் இருந்தால்தான் அந்தக் கட்டடம் பயணிக்கு உதவும்.

விமானம் இறங்கும் நேரத்தைப் பார்த்து வாசலிலேயே ஒரு பஸ் நிற்க வேண்டும். பலாலியில் இருந்து யாழ்ப்பாணம் பஸ் நிலையத்துக்கு. திருச்சியில் இருந்து தஞ்சைக்கும் மதுரைக்கும். பஸ் விடுவது சர்க்காருக்குப் பெரிய வேலை அல்ல. விமான டிக்கெட் வாங்கியவர் எல்லோரும் பணக்காரர் என்று ஓர் எண்ணம் இருக்கிறது. அது தவறு. இந்த விமானத்தில் வருகிறவர்களில் வைத்தியத்துக்கு வருகிறவர்கள் உண்டு. நகையை அடகு வைத்து வருகிறவர்கள் உண்டு. வேளாங்கண்ணிக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் நேர்த்திக்கடன் தீர்க்க வருகிறவர்கள் உண்டு. நல்லூர்த் திருவிழாவுக்கு இங்கிருந்து அங்கே போகிறவர்களும் உண்டு. வாசலில் டாக்சிக்காரர் கேட்கும் தொகை அவர்களுக்குச் சிறியது அல்ல.

கட்டணத்தில் ஒரு விசித்திரம். விமான நிலையத்தில் வாங்கும் கட்டணமும் வரியும், பயணி எத்தனை மைல் போகிறார் என்று பார்த்து வாங்குவது அல்ல. ஆயிரம் மைல் போகிறவருக்கும் 115 மைல் போகிறவருக்கும் ஒரே சுமைதான். நீண்ட பயணத்தின் டிக்கெட்டில் அது தெரியாது. இங்கே அது டிக்கெட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்துகொள்ளுகிறது. 300 கிலோமீட்டருக்குக் குறைந்த பயணங்களுக்கு இந்தக் கட்டணத்தைக் குறைத்து வாங்க இரண்டு சர்க்கார்களும் முடிவு செய்ய வேண்டும். விமானம் நிரம்பும். நிரம்பினால் கம்பெனி நிறுத்தாது. இந்தப் பாதையில் விமானம் வருவதும் நிற்பதுமாக இருந்ததை ஜனங்கள் பார்த்திருக்கிறார்கள். நாளைக்கும் விமானம் இருக்கும் என்ற நம்பிக்கை வந்தால்தான் கல்யாணத்துக்கு நாள் குறிப்பார்கள்.

கப்பல் ஒன்றும் இருக்கிறது. 2023 அக்டோபர் 14-ந் தேதி நாகப்பட்டினத்தில் இருந்து காங்கேசன்துறைக்குப் பயணிகள் கப்பல் தொடங்கியது. சில நாளில் நின்றது. 2024 ஆகஸ்டில் மறுபடியும் வந்தது. கடல் வழி சுமார் 110 கிலோமீட்டர். நாலு மணி நேரம். தஞ்சாவூர்க் கல்யாணத்துக்குக் கப்பலில் வந்தால் பத்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆனால் கல்யாணம் நாகப்பட்டினத்திலோ திருவாரூரிலோ என்றால் கப்பலும் விமானமும் ஏறக்குறைய ஒன்றுதான். கடல் கொந்தளிக்கும் மாதங்களில் கப்பலை நம்ப முடியாது. மற்ற மாதங்களில் கப்பலுக்கும் ஆதரவு வேண்டும்.

பலாலிக்காரர்களின் நிலம்

விமான நிலையம் பெரிதாக வேண்டும், பெரிய விமானங்கள் வர வேண்டும் என்ற பேச்சு அடிக்கடி எழுகிறது. நியாயமான ஆசை. ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. பலாலி, மயிலிட்டி, வசாவிளான் ஊர்களின் ஜனங்கள் 1990-ல் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். செம்மண் தோட்டங்கள். வெங்காயமும் புகையிலையும் விளைந்த பூமி. போர் முடிந்த பிறகு நிலம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எல்லோருக்கும் வரவில்லை. அந்த ஊரின் சாலை ஒன்றில் சாதாரண ஜனங்கள் போக 2025 ஏப்ரலில்தான் அனுமதி கிடைத்தது. அதுவும் நேரக் கட்டுப்பாட்டுடன்.

விமானத்தில் வருகிறவருக்கு ஒரு மணி நேரம் மிச்சம். நிலத்தைப் பறிகொடுத்தவருக்கு முப்பத்தைந்து ஆண்டுகள் நஷ்டம். ஓடுபாதை நீள வேண்டுமானால் நிலத்துக்காரரைக் கூப்பிட்டுப் பேச வேண்டும். விலையோ மாற்று நிலமோ அவர் சம்மதத்துடன் கொடுக்க வேண்டும். முன்பு எடுத்ததற்குக் கணக்குச் சொல்லாமல் மேலும் எடுப்பது முறை அல்ல. ஏ.டி.ஆர். விமானத்துக்கு இப்போது இருக்கும் ஓடுபாதையே போதும். 115 மைலுக்கு ராட்சத விமானம் யாரும் கேட்கவில்லை.

கொட்டப்பட்டு முகாம்

திருச்சி விமான நிலையத்துக்குப் பக்கத்திலேயே கொட்டப்பட்டு என்ற இடம் இருக்கிறது. அங்கே இலங்கைத் தமிழர் முகாம் ஒன்று உண்டு. முன்பு அகதிகள் முகாம் என்றார்கள். 2021-ல் தமிழ்நாடு சர்க்கார் இப்படிப்பட்ட முகாம்களின் பெயரை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது.

போர்க் காலத்தில் படகில் ஏறிக் கரை சேர்ந்தவர்கள் இம்மாதிரி முகாம்களில் வாழ்கிறார்கள். அவர்களுடைய பிள்ளைகள் இங்கேயே பிறந்தவர்கள். பேரப் பிள்ளைகளும் வந்துவிட்டார்கள். பலர் இங்கேயே தங்க விரும்புகிறார்கள். இந்தியக் குடியுரிமை கேட்கிறார்கள். சிலருக்கு ஊருக்குத் திரும்ப ஆசை. குறிப்பாகக் கிழவர்களுக்கு. சொந்த மண்ணில் கண்ணை மூட வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை.

அவர்கள் வீட்டு வாசலில் நின்றால் விமானம் ஏறுவதும் இறங்குவதும் தெரியும். யாழ்ப்பாணம் ஒரு மணி நேரம். ஆனால் அவர்களிடம் பாஸ்போர்ட் இல்லை. குண்டுக்குப் பயந்து இரவோடு இரவாகப் படகில் வந்தவர் பாஸ்போர்ட் எடுத்துக்கொண்டா வருவார்? திரும்பிப் போக இலங்கைத் துணைத் தூதரகத்தின் பயணப் பத்திரம் வேண்டும். இந்திய உத்தியோகஸ்தரின் வெளியேறும் அனுமதியும் வேண்டும்.

இலங்கைத் துணைத் தூதரகம் சென்னையில் இருக்கிறது. திருச்சியில் இருந்து சென்னை 330 கிலோமீட்டர். போக வர 660 கிலோமீட்டர். 185 கிலோமீட்டர் பயணத்துக்கு முதலில் 660 கிலோமீட்டர் போக வேண்டியிருக்கிறது. ஒரு தாளில் ஓர் எழுத்துப் பிழை இருந்தால் மறுபடியும் 660.

இத்தனையும் தாண்டிப் போனவருக்கு அக்கரையில் வரவேற்பு என்ன? 2025 மே மாதத்தில், தமிழ்நாட்டு முகாமில் இருந்து விமானத்தில் திரும்பிய முதியவர் ஒருவரைப் பலாலியில் கைது செய்தார்கள். போர்க் காலத்தில் பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டுப் போனது குற்றமாம்! கண்டனம் எழுந்தது. பிறகு விடுதலை செய்தார்கள். ஆனால் அந்தச் சேதி முகாம்களுக்கு எட்டிவிட்டது. போகலாம் என்று பெட்டி கட்டியவர்கள் பெட்டியை அவிழ்த்தார்கள். உயிர் தப்ப ஓடியவர்களை அந்தச் சட்டம் தொடாது என்று இலங்கை சர்க்கார் எழுத்தில் சொல்ல வேண்டும்.

இந்தப் பக்கத்திலும் வேலை இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் தூதரக உத்தியோகஸ்தர் திருச்சிக்கு வந்து உட்காரட்டும். அதே அறையில், அதே நாளில், வெளியேறும் அனுமதி கொடுக்கும் அதிகாரியும் உட்காரட்டும். கிழவர்கள் காலையில் வந்து விண்ணப்பம் கொடுத்து, மாலையில் தாளை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகட்டும். அறைக்குத் திருச்சி கலெக்டர் ஆபீஸ் இருக்கிறது. முகாமில் இருந்து அங்கே போக டவுன் பஸ் போதும்.